ஐந்தாவது விடை

மட்டாஞ்சேரி,
6 ஜூலை 2025

பிரியமுள்ள செல்வியக்காவுக்கு,

ஸுப்ரியா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறாயா?

முதலில் உன் போனைப் பற்றி. அதை அணைத்து, துண்டில் சுற்றி, அப்பாவின் காக்கிச் சட்டை இருக்கிற தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். நவம்பர் முப்பதாம் தேதி நீ எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வரும்வரை கெஞ்சினாலும் தரமாட்டேன். அப்படிச் செய்யச் சொன்னது நீதான். ஆனாலும் ஆலுவா ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி அந்தப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

உன் பட்டன் போனில் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் பத்து நிமிடமும் அம்மாவுக்கே போய்விடுகிறது. அதனால் நம் கணக்கெல்லாம் இனிமேல் கடிதத்தில்தான். தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீ சட்டம் போட்டது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மலையாளம் என்றால் கை தானாக ஓடும். ஆனால் நீ சொன்ன காரணம் சரி. அம்மாவும் படிக்க வேண்டுமே. உடுமலைப்பேட்டையில் ஐந்தாம் வகுப்புவரை படித்த தமிழ் மட்டும்தான் அவளுக்கு. கொச்சிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கிறாள்.

அம்மா குடோனிலிருந்து இப்போதுதான் வந்தாள். இன்று முழுக்கச் சுக்குத் தரம் பிரித்தார்களாம். இந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள், தாளுக்கும் சுக்கு வாசம் வந்துவிட்டது.

முதல் கணக்கு: ஒரு போட் நீரோட்டத்தோடு போனால் எர்ணாகுளத்துக்கு இருபது நிமிடம். அதே தூரம் நீரோட்டத்தை எதிர்த்து வர முப்பது நிமிடம். இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா மிதந்தே போனால் எத்தனை நிமிடம்?

கேள்வியைக் கடைசிவரை படித்துவிட்டு விடை எழுது.

உன் தங்கை,
ஸுப்ரியா
பத்தாம் வகுப்பு, பி பிரிவு


ஆலுவா,
13 ஜூலை 2025

என் சின்ன டீச்சருக்கு,

நான் நலம். தலைவலி இல்லை. ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் போட் கணக்கைப் பார்த்தவுடன் இருபதையும் முப்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, இருபத்தைந்து நிமிடம் என்று எழுதினேன். பிறகுதான் யோசித்தேன். இன்ஜின் போட்டும் வருவதற்கு முப்பது நிமிடம் ஆகிற போட், இன்ஜினை அணைத்தால் இருபத்தைந்து நிமிடத்தில் எப்படிப் போய்ச் சேரும்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரியான விடை இரண்டு மணி நேரம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. தேர்வின் கணக்குப் பகுதியில் இருபத்திரண்டு கேள்வி, நாற்பது நிமிடம்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க பில் போடுகிறேன் என்று பேர். கூட்டுவதும் பெருக்குவதும் கம்ப்யூட்டர்தான். ஏழு எட்டு எவ்வளவு என்றால்கூட இப்போது விரல் கீபோர்டைத் தேடுகிறது.

அதைவிடக் கஷ்டமான ஒரு வகைக் கேள்வி இருக்கிறது. மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்று. விடை என்ன என்று கேட்கமாட்டார்கள். விடை கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள். முதல் கூற்று மட்டும் போதும். இரண்டாவது மட்டும் போதும். இரண்டும் சேர்ந்தால்தான் போதும். எந்த ஒன்று இருந்தாலும் போதும். இரண்டும் சேர்ந்தும் போதாது. இந்த ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நான் விடையைக் கண்டுபிடிக்கவே உட்கார்ந்துவிடுகிறேன். மாதிரித் தேர்வில் இருபத்திரண்டுக்கு ஆறு.

நான் எழுதிய தாள்களை இதோடு அனுப்புகிறேன். சிரிக்காதே.

அன்புடன்,
செல்வி


மட்டாஞ்சேரி,
20 ஜூலை 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே மழை, ஆனாலும் சுகம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். உனக்குச் சளி பிடிக்கவில்லையே?

உன் தாள்களைப் பார்த்தேன், சிரிக்கவில்லை. ஒன்று கண்டுபிடித்தேன். அந்த ‘போதுமா’ வகையில் நாற்பது கேள்வி போட்டிருக்கிறாய். ஒன்றில்கூட ஐந்தாவது விடையைக் குறிக்கவில்லை. ஒன்பது கேள்விக்கு அதுதான் விடை! ‘போதாது’ என்று எழுதினால் உனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயமா? ஐந்தாவதும் விடைதான் அக்கா.

இதற்காகவே ஒரு கணக்கு செய்தேன். நாணு சேட்டன் சாயாக்கடையில் ஒரு பழம்பொரி என்ன விலை?
கூற்று ஒன்று: இரண்டு சாயாவும் மூன்று பழம்பொரியும் அறுபது ரூபாய்.
கூற்று இரண்டு: நான்கு சாயாவும் ஆறு பழம்பொரியும் நூற்றிருபது ரூபாய்.

இரண்டு கூற்று, தெரியாத விலை இரண்டு, ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று பாய்ந்துவிடுவாய். நன்றாகப் பார். இரண்டாவது கூற்று முதல் கூற்றின் இரட்டிப்புதான். புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே ஐந்தாவது விடை.

இதை நாணு சேட்டனிடமே காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“எந்தா மோளே இது? பழம்பொரிக்கு விலை அறியணெங்கில் என்னோடு சோதிச்சால் போரே?”

விலை தெரிய வேண்டுமானால் தன்னைக் கேட்டால் போதாதா என்கிறார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் பன்னிரண்டு கணக்கு தனித்தாளில் இருக்கிறது.

உன்,
ஸுப்ரியா


ஆலுவா,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஸுப்ரியாவுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அம்மாவும் நலம்தானே?

எட்டு. இருபத்திரண்டுக்கு எட்டுதான். அதுவும் இரண்டு விடை குருட்டாம்போக்கில் போட்டது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் எண்ணெல்லாம் லாரி நம்பர் மாதிரித் தெரிகிறது.

போன வாரம் மாரிச்செல்வம் மாமா போன் செய்தார். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் நம் வீட்டில் ஒருவருக்குக் கார்ப்பரேஷன் தர வேண்டிய வேலை, அந்த லிஸ்டில் என் பெயர் மேலே வந்துவிட்டதாம். பி.காம். படித்ததால் கிளார்க் வேலையே கிடைக்குமாம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த உத்தரவு கைக்கு வந்தால் அன்றைக்கே இந்தப் புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டுவிடுவேன். தோற்றுப்போனேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கவர்ன்மெண்ட் வேலை கிடைத்தது, அதனால் தேர்வு எழுதவில்லை என்றுதான் சொல்வார்கள். நல்ல காரணம், இல்லையா?

உன் பன்னிரண்டு கணக்கில் ஐந்துதான் போட்டேன். ஓணத்துக்கு வரும்போது மீதியைப் பார்க்கலாம்.

செல்வி


மட்டாஞ்சேரி,
7 செப்டம்பர் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? பாயசம் கொட்டாமல் போய்ச் சேர்ந்ததா? நாங்கள் சுகம்.

நீ ஓணம் முடிந்து கிளம்பிய மறுநாள் மாரிச்செல்வம் மாமா வந்தார். அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் என்பதால் அம்மா அவருக்கு எப்போதும் போல இரண்டு தடவை சாயா போட்டாள். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“சரோஜக்கா, கவர்மெண்ட் ஜோலி வாசல்ல வந்து நிக்கிது. இவ என்னடான்னா எம்பிஏ, எம்பிஏன்னு ஆலுவால போயி இருக்கா. குழந்தைசாமி அண்ணன் இருந்தா சம்மதிச்சிருப்பாரா?”

“அவுரு இருந்தா அந்த ஜோலியே வந்திருக்காது மாரி,” என்றாள் அம்மா.

மாமா மீதிச் சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு, “அது செரிதான். ஆனாலும் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேட்டியா?” என்றார்.

“அவ பரீட்ச எழுதட்டும்.” அம்மா அவ்வளவுதான் சொன்னாள்.

அக்கா, உன் ஆகஸ்ட் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். அம்மாவும் படித்தாள். பத்திரமாக மடித்து வைத்தாள். ஓணத்தன்று நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கம்பெனி லாரிகள் கோயம்புத்தூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாய். எந்த ஊரில் நிறுத்தினால் எந்தச் சரக்கு கிடைக்கும் என்று செய்தித்தாளின் ஓரமெல்லாம் படம் போட்டாய். பாயசம் ஆறி ஆடை பிடித்துவிட்டது. முதலாளியிடம் சொன்னால் “நீ பில் மட்டும் போடு” என்கிறார் என்று சொன்னபோது உன் குரல் மாறியது. அந்தச் செய்தித்தாளை அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். உனக்குத் தெரியாது.

எட்டு என்பது ஆறைவிட இரண்டு அதிகம்.

உன்,
ஸுப்ரியா


ஆலுவா,
12 அக்டோபர் 2025

அருமை ஸுப்ரியாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நிஜமாகவே. நீ கால்பரீட்சையில் சமூக அறிவியலில் குறைவாக வாங்கியதாக அம்மா சொன்னாள். என் கணக்குக்காக உன் பாடத்தை விட்டுவிடாதே. அம்மாவுக்கு முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

பதினான்கு! ஐந்தாவது விடையை மூன்று தடவை போட்டேன், மூன்றும் சரி.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கணக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். முதல் கூற்றைப் படித்து, கையால் அதை மூடிவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதைப் படிக்கிறேன். கடைசியில்தான் கையை எடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான் ஆகிறது.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். பெரியாற்றுப் பக்கம் நடந்து வந்து உட்கார்ந்தால் எட்டு மணிவரை நேரம் போவதே தெரியவில்லை. பயமாக இருந்த ஒன்று பிடித்துப் போவது இதுதான் எனக்கு முதல் தடவை.

போட், சாயாக்கடை இரண்டும் போதும். அடுத்து விழுக்காட்டில் கொடு.

செல்வி


மட்டாஞ்சேரி,
1 நவம்பர் 2025
(இந்தக் கடிதத்தை அனுப்பவில்லை)

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இன்று பதினொரு மணிக்கு ஸ்பீடு போஸ்ட் வந்தது. உன் பெயருக்கு. அம்மா குடோனில் இருந்தாள், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கார்ப்பரேஷன் முத்திரை. பிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. உன் வேலை உத்தரவுதான் அது. முப்பது நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று இருக்கிறது.

அன்றைக்கே புத்தகங்களைக் கட்டிவிடுவேன் என்று நீ எழுதியது என் தலையிலேயே சுற்றுகிறது. பதினான்கு வாங்கியவள் அதைக் கட்டக் கூடாது. விரலில் எண்ணிப் பார்த்தேன். இன்றிலிருந்து முப்பது நாள் என்றால் டிசம்பர் ஒன்று. உன் தேர்வு நவம்பர் முப்பது. ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. நீ தேர்வு முடிந்து வந்ததும் சாயங்காலம் உன் கையில் கொடுத்துவிடுவேன். மறுநாள் போய்ச் சேர்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய்யலாம்.

அதுவரை உன் போனோடு தகரப் பெட்டியில் இருக்கும். உத்தரவு மலையாளத்தில் இருப்பது நல்லதாயிற்று. அம்மா கண்ணில் பட்டாலும் அவளுக்கு ஒன்றும் புரியாது, அதனால் பயமில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவும் முடியாது. அதனால் எழுதி, உத்தரவோடு சேர்த்து வைக்கிறேன். முப்பதாம் தேதி இரண்டையும் ஒன்றாகத் தருவேன்.

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி,
2 நவம்பர் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

விழுக்காட்டுக் கணக்கு இருபது அனுப்பியிருக்கிறேன். பத்தாவது கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, கவனம்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. போஸ்ட் எதுவும் வரவில்லை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் எதிலும் சேரவில்லை. நாணு சேட்டன் பழம்பொரி விலையை இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டார். உன்னிடம் சொல்லச் சொன்னார், கணக்கை மாற்ற வேண்டுமாம்.

நிறையப் படி. கேள்வியைக் கடைசிவரை படி.

ஸுப்ரியா


ஆலுவா,
17 நவம்பர் 2025

அருமை ஸுப்ரியாவுக்கு,

நான் நலம். நீ நலமா? உன் கடிதத்தில் முதல் தடவையாக என் தலைவலியைப் பற்றியும் கேட்கவில்லை, அம்மா முழங்காலைப் பற்றியும் எழுதவில்லை. போஸ்ட் எதுவும் வரவில்லை என்று நான் கேட்காமலே எழுதியிருக்கிறாய். என்ன விஷயம்? பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

நேற்று அம்மா திடீரென்று இங்கே வந்து நின்றாள். தனியாகப் பஸ் மாறி வந்திருக்கிறாள்! இஞ்சிக் கறியும் சப்பாத்தியும் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டு விஷயம் என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். “யாராச்சும் எழுதித் தருவாங்க, நீ போயிப் படி” என்றாள். பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. என் மேஜையில் இருந்த கணக்குத் தாளை மட்டும் எடுத்து, தலைகீழாகவா நேராகவா என்று பார்த்துவிட்டு, தடவி வைத்துவிட்டுப் போனாள்.

பதினேழு வாங்கினேன். உன் பத்தாவது கணக்கின் பொறியில் விழவில்லை.

இன்னும் பதின்மூன்று நாள். எனக்காகவாவது நன்றாகச் சாப்பிடு.

செல்வி


ஆலுவா, உன் ஹாஸ்டல் வராந்தா,
19 நவம்பர் 2025

அக்காவுக்கு,

நீ வேலையில் இருக்கிறாய். வார்டன் ஆறரை மணிக்குத்தான் வருவாய் என்கிறார். அதுவரை நான் இருந்தால் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் இங்கேயே உட்கார்ந்து எழுதி அவரிடம் கொடுக்கிறேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி உன் வேலை உத்தரவு வந்தது. நான் ஒளித்துவைத்தேன். உன் தேர்வு முடியும்வரைதான். முப்பது நாள் என்று இருந்தது. கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணினேன். இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் மாரிச்செல்வம் மாமா சைக்கிளை நிறுத்தினார்.

“செல்வி ஜாயின் பண்ணியாச்சா? நாளைக்கி இருபது. கடைசித் தேதி தெரியும்லா?”

டிசம்பர் ஒன்று இல்லையா மாமா என்றேன்.

“ஆர்டர் போட்ட தேதியில இருந்துல்லா கணக்கு! இருபத்தொண்ணு அக்டோபர் போட்ட ஆர்டராக்கும்.”

உத்தரவின் மேல் மூலையில் தேதி இருந்தது. பார்த்தேன், படிக்கவில்லை. கேள்வியைக் கடைசிவரை படி என்று உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். உன் போன் இருக்கிறது. அப்பாவின் சட்டை இருக்கிறது. உத்தரவு இல்லை. உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதமும் இல்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கப் பயம். பள்ளிக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டேன்.

நாளைக்குப் போனால் ஏற்றுக்கொள்வார்கள் அக்கா. உத்தரவு தொலைந்துவிட்டது என்று நான் வந்து சொல்கிறேன். வேலை போய்விட்டால் என்னால்தான். இதற்காக நீ படிப்பை விட்டுவிட்டால் அதுவும் என்னால்தான். இரண்டில் எது பெரியது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

என்னைத் திட்டு. ஆனால் பேசாமல் இருக்காதே.

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி, நம் வீடு,
20 நவம்பர் 2025

அடி கழுதை,

நீ பள்ளியில் இருக்கிறாய். நான் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதை உன் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். அழுதுகொண்டே படிக்காதே, மை கலைந்துவிடும்.

வேலை போகவில்லை.

லீவு சொல்லிவிட்டுக் காலையில் பத்து மணிக்கெல்லாம் கார்ப்பரேஷன் ஆஃபீஸில் இருந்தேன். உத்தரவின் நகலாவது கேட்கலாம் என்று நினைத்தேன். வராந்தா பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஓணத்துக்கு எடுத்த நீலப் புடவை, மடியில் அந்த ஸ்பீடு போஸ்ட் கவர்.

“உனக்கென்ன இங்க வேல? படிக்கலயா?” என்றாள்.

“உனக்கென்ன வேல?”

“ஒரு காயிதம் வாங்கணும்.”

கேட்பதற்குள் ஜன்னலில் இருந்து ஒரு குரல். “சரோஜம்மே, வரூ. ஸாரு ஒப்பிட்டு.” சார் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். கூப்பிட்டவர் பெயர் பிந்து, அங்கே கிளார்க். தாளை அம்மாவிடம் நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். நான் வேலையில் சேர வேண்டிய தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். பிப்ரவரி இருபது.

பிந்து சேச்சி சொன்னது இது. பத்தாம் தேதி அம்மா அந்த ஜன்னல் முன்னால் வந்து நின்றாளாம். “மோளே, எனக்கு இது வாசிக்கத் தெரியாது. என் பொண்ணுக்கு முப்பதாந் தேதி பரீட்ச. அது முடியற வரைக்கும் அவ இதப் பாக்கக் கூடாது. அதுக்கு என்ன வழி?” என்று கேட்டாளாம். வழி இருக்கிறது, காரணம் சொல்லி மனு கொடுத்தால் போதும் என்றிருக்கிறார் சேச்சி. மனுவையும் அவரே எழுதினார். ரேஷன் கார்டுக்கு என்று என்னிடம் வாங்கிய கையெழுத்து அதில்தான் இருக்கிறது. நானும் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்காதவள்தான். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். மாதம் ஒரு தடவை அப்பாவின் சட்டையை அவள் வெயிலில் போடுவாளே, மறந்துவிட்டாயா? ஒளிக்க வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு?

நீ படிக்கத் தெரிந்தவள், நான் படிக்கத் தெரிந்தவள். உத்தரவில் ‘முப்பது நாள்’ என்று படித்ததும் இருப்பது இரண்டே வழி என்று நினைத்துக்கொண்டோம். நீ ஒளித்தாய். நான் நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு, தேர்வுக்கு முழுக்குப் போடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். படிக்கத் தெரியாதவள் போய்க் கேட்டிருக்கிறாள்.

தேதி எண்ணத் தெரியாத கணக்கு டீச்சரே, இன்னும் பத்து நாள் இருக்கிறது. கணக்கு அனுப்பு.

உன் அக்கா


மட்டாஞ்சேரி,
23 நவம்பர் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் உன் தைலத்தால் தேவலை. நான் சுகம். எல்லாம் ஒழுங்காகக் கேட்டுவிட்டேன், பார்த்தாயா?

அன்று சாயங்காலம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். “ஏம்மா என்னைத் திட்டல?” என்று கேட்டேன்.

“எப்பிடித் திட்டறது கண்ணு? நானும்தான அதயே ஒளிச்சு வெச்சேன்?”

பிறகு இடுப்பிலிருந்து என் அனுப்பாத கடிதத்தை எடுத்தாள். எட்டாக மடித்திருந்தது. சுக்கு வாசம். இத்தனை நாளும் குடோனுக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறாள்.

“அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது, பயமில்லேன்னு எழுதியிருக்கற பாரு. அத போயித் தமிழ்லயே எழுதி வெச்சிருக்கறயே, புத்திசாலி!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். “கெடக்கட்டும், நல்லாத்தான் எழுதியிருக்க” என்று திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள்.

கடைசிப் பத்துக் கணக்கு இதோடு. பொறி எதுவும் இல்லை. தேர்வுக்கு முன்னால் பொறி வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் உன்னை நினைத்துக்கொண்டிருப்போம்.

உன்,
ஸுப்ரியா


ஆலுவா,
30 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? இதை ஸுப்ரியாவிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். உன்னிடம் நேராகக் கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள், தெரியும். படிக்கட்டும்.

தேர்வு காக்கநாட்டில் ஒரு காலேஜில் நடந்தது. கணக்குப் பகுதியில் இருபத்திரண்டில் பத்தொன்பது கேள்விக்கு விடை போட்டேன். மூன்றை விட்டுவிட்டேன். போட்டதில் எத்தனை சரி என்று தெரியாது. ஆனால் ஒன்றும் குருட்டாம்போக்கில் போடவில்லை. போட் கணக்கு ஒன்று வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது விடையை நாலு இடத்தில் போட்டேன், கை நடுங்காமல்.

அம்மா, தேர்வு முடிவு ஜனவரியில் வரும். வேலையில் சேர பிப்ரவரி இருபதுவரை நேரம் நீ வாங்கித் தந்திருக்கிறாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் இந்த இரண்டையும் வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எத்தனை விதமாகச் சேர்த்துப் பார்த்தாலும் முடிவு கிடைக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது.

ஆலுவா வந்து இறங்கும்போதுதான் அது என்ன என்று தெரிந்தது. மாரிச்செல்வம் மாமா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஸுப்ரியா என்ன நினைக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்றுகூட ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். இத்தனை மாதத்தில் யாரும் உன்னைக் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தால் உனக்குப் பிடிக்கும், அம்மா?

ஸுப்ரியாவைக் கொண்டு எழுத வேண்டாம். நீயே எழுது. எழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை நாள் ஆனாலும் பதிலுக்குக் காத்திருப்பேன்.

உன் மகள்,
பாண்டிச்செல்வி